ஐந்தாவது பிழை

யதுர்சிகா: …அப்ப இன்னொருக்கா அமத்துங்கோவன்.

சுகந்தன்: நாலு தரம் அமத்தியாச்சு. சேர்வரோட தொடர்பில்லையாம். திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லுது, உன்ர புதுச் சொஃப்ட்வெயர்.

யதுர்சிகா: என்ர சொஃப்ட்வெயரோ? நானோ பெத்தனான்?

சுகந்தன்: பெறாட்டியும் வளத்தது நீதானே. வெள்ளிக்கிழமை மூண்டு மணித்தியாலம் காதில போனோட… “ஓம் நிதர்சன், சரி நிதர்சன், அமத்திட்டன் நிதர்சன்…”

யதுர்சிகா: அந்தாள் கொழும்பில இருந்து சொல்லச் சொல்லத்தானே நான் இஞ்ச ஏத்த வேணும். வேற எப்பிடி ஏத்துறது? மந்திரிச்சோ?

சுகந்தன்: என்னவோ. நான் செய்து வைச்ச பழைய சாமான் நாலு வருசம் ஓடினது. ஒருநாள் இப்பிடி முகத்தைத் திருப்பினதில்லை.

யதுர்சிகா: போன மாரியில ரெண்டு கிழமை படுத்துக் கிடந்தது ஆர்?

சுகந்தன்: அது இடி விழுந்தது.

யதுர்சிகா: ஓ… உங்கட சாமான் விழுந்தா இடி. என்ர சாமான் விழுந்தா நான்.

சுகந்தன்: கதைச்சுக்கொண்டிராமல் மணியைப் பார்.

யதுர்சிகா: பத்தே முக்கால். யாகப்பர் சேர் உயிலங்குளத்தால ஒரு மணிக்கு வந்திடுவார். வந்த கையோட பட்டியலைத் தூக்கிக்கொண்டு அரசாங்க அதிபரிட்டக் கச்சேரிக்குப் போவார். ரெண்டு மணிக்கு முதல் அங்க இருக்க வேணும்.

சுகந்தன்: இல்லாட்டி?

யதுர்சிகா: இல்லாட்டி எண்டு உங்களுக்குத் தெரியாதோ? இந்த முறை வீட்டுத் திட்டத்தில உயிலங்குளப் பக்கம் இல்லை. இருநூற்றிப் பதினாலு குடும்பமும் இன்னொரு மாரி மழைக்குத் தறப்பாள் கொட்டிலுக்குள்ள கிடக்க வேண்டியதுதான்.

சுகந்தன்: முந்தியெண்டா நான் ஒருத்தனே அமத்திப் பிரிண்ட் எடுத்துக் குடுத்திருப்பன். இப்ப நீ தயாரிக்க வேணுமாம், நான் சரிபாக்க வேணுமாம், ரெண்டு பேரின்ர பேரும் விழுந்தாத்தான் பட்டியல் வெளியில வருமாம்…

யதுர்சிகா: அது நல்லதுக்குத்தான். ஒரு ஆள் விட்ட பிழையை மற்ற ஆள் பிடிக்கும்.

சுகந்தன்: இதுவும் அவன் படிப்பிச்சதோ?

யதுர்சிகா: இஞ்சேருங்கோ, சேர்வரைப் பாக்கப்போறியளோ இல்லையோ?

சுகந்தன்: பாக்கிறன், பாக்கிறன்… ஆ. நேற்றுப் பின்னேரம் கரண்ட் போனதெல்லே?

யதுர்சிகா: போனது. ஒரு மணித்தியாலம்.

சுகந்தன்: அதுதான். கரண்ட் திரும்பி வந்த உடன சேர்வர் வேற நம்பர் எடுத்திட்டுது. முந்தி நான் அதுக்கு ஒரு நம்பரை ஆணி அடிச்ச மாதிரி வைச்சிருந்தனான். உன்ர புதுச் சாமான் அந்த ஆணியைக் கழட்டிப்போட்டு, கிடைக்கிற நம்பரை எடு எண்டு விட்டிருக்கு.

யதுர்சிகா: அப்ப எங்கட மெஷினுகள்?

சுகந்தன்: அதுகள் பழைய நம்பரில போய் நிண்டு கதவைத் தட்டுதுகள். இடம்பெயந்து போனவனைப் பழைய காணியில தேடுறது போல. ஆள் இஞ்சதான் இருக்கிறார், விலாசம்தான் மாறிப்போச்சு… இந்தா, திரும்ப ஆணி அடிச்சாச்சு. இப்ப உன்ர மெஷினில பார்.

யதுர்சிகா: …வந்திட்டுது! பேர் கேக்குது!

சுகந்தன்: கேக்கும். என்ன கேக்காமலோ விடும்? இதைக் கொழும்பானுக்குச் சொல்லு. ஒரு கோட்டுச் சூட்டு இல்லாமல், அஞ்சு நாள் கொழும்புப் பயிற்சியில கோழிச் சோறு தின்னாமல், மன்னாரில ஒருத்தன் கண்டுபிடிச்சவனெண்டு.

யதுர்சிகா: அவருக்கும் இது தெரிஞ்சிருக்கும். நான் கேக்கேல்ல.

சுகந்தன்: ஏன் கேக்கேல்ல?

யதுர்சிகா: கேட்டா உங்கட முகம் கறுக்கும். காலமைச் சாப்பாடும் செமிக்காது.

சுகந்தன்: எனக்கோ? எனக்கென்ன? நீ அவனோட கதை, பாடு, நான் என்னத்துக்கு… பேரை அடி.

யதுர்சிகா: அடிச்சிட்டன். அங்கால திரும்புங்கோ.

சுகந்தன்: என்ன?

யதுர்சிகா: பாஸ்வேட் அடிக்கப்போறன். திரும்புங்கோ.

சுகந்தன்: யது… நான் உன்ர கட்டின மனுசன்.

யதுர்சிகா: அது கலியாணத்துக்கு. இது கந்தோர் வேலைக்கு.

சுகந்தன்: நாலு வருசமா இஞ்ச ஒரே ஒரு பாஸ்வேட். மொனிட்டரில எழுதி ஒட்டியிருந்தது. தேத்தண்ணி ஊத்துற அருளம்மாக்காவுக்கும் தெரியும். ஒரு களவு போகேல்ல, ஒரு பேர் மாறேல்ல.

யதுர்சிகா: அப்பிடி வைச்சிருக்கிறது பிழையெண்டு அங்க வகுப்பில…

சுகந்தன்: ஆர் சொன்னது?

யதுர்சிகா: வகுப்பில.

சுகந்தன்: வகுப்பு வாய் திறந்து சொன்னதோ?

யதுர்சிகா: சரி, நிதர்சன்தான் சொன்னவர். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, புருசனுக்கும் சொல்லாதேங்கோ, பொஞ்சாதிக்கும் சொல்லாதேங்கோ எண்டு.

சுகந்தன்: புருசனுக்கும் எண்டதை உன்னைப் பாத்துச் சொன்னவனோ?

யதுர்சிகா: பதினெட்டுப் பேர் இருந்த வகுப்பப்பா அது!

சுகந்தன்: பதினெட்டுப் பேரில உன்னைப் பாத்தவனோ எண்டுதான் கேட்டனான்.

யதுர்சிகா: திரும்புங்கோ!

சுகந்தன்: …திரும்பிட்டன். சுவர் வடிவாத்தான் இருக்கு. பல்லி ஒண்டு.

யதுர்சிகா: ஐயோ.

சுகந்தன்: என்ன? பல்லிக்கோ?

யதுர்சிகா: இல்லை… என்ர கணக்குப் பூட்டியிருக்காம்.

சுகந்தன்: …பூட்டியோ?

யதுர்சிகா: ஓம். பொறுப்பானவரோட தொடர்பு கொள்ளட்டாம்.

சுகந்தன்: ம்… அது… புதுச் சாமானெல்லே. முதல்ல கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்.

யதுர்சிகா: என்ன திடீரெண்டு புதுச் சாமானுக்குப் பரிஞ்சு கதைக்கிறியள்?

சுகந்தன்: பரிஞ்சு எங்க கதைச்சனான்? தள்ளு, என்ர பேரைப் போட்டுப் பாப்பம்.

யதுர்சிகா: உங்கடையையோ?… இப்ப என்னத்துக்கு உங்கடை?

சுகந்தன்: ஏன், போடக்கூடாதோ?

யதுர்சிகா: இல்லை, போடுங்கோ, போடுங்கோ. நான் ஜன்னலடியில நிக்கிறன்.

சுகந்தன்: நீ பாக்கலாம். நான் ஒளிக்கிற ஆளில்லை.

யதுர்சிகா: வேண்டாம். நிக்கிறன்.

சுகந்தன்: …இஞ்சேர்! என்ரையும் பூட்டு!

யதுர்சிகா: அப்பிடியோ.

சுகந்தன்: என்ன அப்பிடியோ? ரெண்டு பேரும் உள்ள போகேலாது. பட்டியல் எப்பிடி எடுக்கிறது?

யதுர்சிகா: சிவதர்சினியைக் கேளுங்கோவன். உங்களிட்டப் படிச்ச பிள்ளை.

சுகந்தன்: அவள் சேரோட உயிலங்குளத்துக்குப் போயிட்டாள். இருந்தாலும் அவளின்ர கணக்கில விபரம் பதியிறது மட்டும்தான். பட்டியல் எடுக்கேலாது.

யதுர்சிகா: ஓம் ஓம், பதியிறது மட்டும்தான். அதுக்குத்தான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம்… “சேர், இது ஏன் சிவப்பா வருது? சேர், இது எங்க போயிட்டுது?”

சுகந்தன்: தெரியாட்டிக் கேக்கத்தானே வேணும்.

யதுர்சிகா: எனக்கும் முந்தி ஒண்டும் தெரியாதுதான். நான் கேட்டா என்ன சொன்னனீங்கள்? “கண்ணைத் திறந்து பார்.” அவள் கேட்டா கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில போய் இருக்கிறது.

சுகந்தன்: அவளின்ர கண் கொஞ்சம் மங்கல்.

யதுர்சிகா: அதையும் பாத்து வைச்சிருக்கிறியள்!

சுகந்தன்: கண்ணாடி போட்டிருக்கிறாள் யது! பாக்காமல் என்ன செய்யிறது?

யதுர்சிகா: சரி, சரி. நான் நிதர்சனுக்கு அடிக்கிறன். வேற வழியில்லை.

சுகந்தன்: அடி. நம்பர் மனப்பாடம்தானே.

யதுர்சிகா: போனில பதிஞ்சிருக்கு.

சுகந்தன்: என்னெண்டு பதிஞ்சிருக்கு? நிதர்சன் சேர் எண்டோ, சும்மா நிதர் எண்டோ?

யதுர்சிகா: “கொம்பியூட்டர்” எண்டு. பாருங்கோ, நல்லாப் பாருங்கோ… மணி அடிக்குது.

சுகந்தன்: ஸ்பீக்கரில போடு. எனக்கும் கேக்கவேணும். கந்தோர் விசயமெல்லே.

நிதர்சன்: ஹலோ, யதுர்சிகா! குட் மோர்னிங். டீ எல்லாம் குடிச்சாச்சா?

சுகந்தன்: தேத்தண்ணிக் கணக்கும் கேக்கிறார்…

நிதர்சன்: யாரு பக்கத்துல?

யதுர்சிகா: என்ர அவர். சுகந்தன்.

நிதர்சன்: ஓ, பழைய புரோகிராம் செஞ்சவர்! வணக்கம் அண்ணன். உங்க வேலையைப் பாத்தேன். ரொம்ப சுத்தமா செஞ்சிருந்தீங்க.

சுகந்தன்: …வணக்கம்.

யதுர்சிகா: எங்கட ரெண்டு கணக்கும் பூட்டியிருக்கு. ஒரு மணிக்குள்ள பட்டியல் எடுக்க வேணும், இல்லாட்டி…

நிதர்சன்: ஒரு நிமிஷம், நான் இங்க இருந்தே பாக்கிறேன். ம்… ஆமா. ரெண்டும் பூட்டு. அதான், அஞ்சு தரம் தொடர்ந்து பாஸ்வேட் பிழையா அடிச்சா பூட்டிடும். பழையதுல நூறு தரம் வேணும்னாலும் அடிக்கலாம். இதுல ஏலாது. நீங்க பிழையா அடிச்சீங்களா?

யதுர்சிகா: நான் ஒரு தரமும் பிழையா அடிக்கேல்ல.

நிதர்சன்: அண்ணன்?

சுகந்தன்: என்ரையை நானோ? இல்லை… அடிச்சிருக்கலாம்… இல்லை.

நிதர்சன்: பிரச்சினை இல்ல. எந்த மெஷின்ல இருந்து, எத்தனை மணிக்கு அடிச்சதுன்னு எல்லாம் பதிஞ்சிருக்கும். என்ன அடிச்சாங்கன்னு மட்டும்தான் தெரியாது. வாசிக்கட்டுமா?

சுகந்தன்: வேண்டாம்!

யதுர்சிகா: வேண்டாம், வேண்டாம்!

நிதர்சன்: …ரெண்டு பேருமே வேணாங்கிறீங்க.

சுகந்தன்: ஏன் சும்மா நேரத்தை வீணாக்குவான்? திறந்து விடுங்கோ, அவ்வளவு காணும்.

நிதர்சன்: அப்படித் திறக்க ஏலாது அண்ணன். யார் அடிச்சது, என்ன காரணம், ரெண்டையும் நான் எழுதணும். எழுதாம விட்டா அது தானா உங்க யாகப்பர் சேருக்கு மெயிலாப் போயிடும், மணி, மெஷின் எல்லாத்தோடயும். நீங்க பேசி முடிவெடுத்துட்டு கால் எடுங்க. ஆனா பன்னிரண்டுக்கு நான் மீட்டிங்க்குள்ள போயிடுவேன். அப்புறம் மூணு மணிக்குத்தான்.

யதுர்சிகா: அஞ்சு நிமிசத்தில எடுக்கிறன்… வைச்சிட்டார்.

சுகந்தன்: “ரொம்ப சுத்தமா செஞ்சிருந்தீங்க.” ஆர் கேட்டது இவனிட்ட மாக்ஸ்?

யதுர்சிகா: அதை விடுங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கோயிலுக்குப் போகேக்க நீங்கள் ஏன் வரேல்ல?

சுகந்தன்: தலையிடி எண்டனான்.

யதுர்சிகா: தலையிடிக்காரன் வீட்டை வந்து படுக்காமல் ஏன் கந்தோரில இருந்தவர்?

சுகந்தன்: இஞ்ச காத்து வரும்.

யதுர்சிகா: இஞ்சயோ? இந்தக் காத்தாடி சுத்தினா உள்ள காத்தும் ஓடியிடும். என்ர முகத்தைப் பாருங்கோ.

சுகந்தன்: பிரிண்டரில தாள் இருக்கோ எண்டு பாக்கிறன்.

யதுர்சிகா: பாருங்கோ எண்டுறன்.

சுகந்தன்: சரி, நான்தான். இப்ப என்ன?

யதுர்சிகா: அஞ்சு தரமோ?

சுகந்தன்: அஞ்சாந்தரம் பூட்டும் எண்டு எனக்கென்ன தெரியும்? அதை அவன் உனக்குத்தானே படிப்பிச்சவன்.

யதுர்சிகா: என்ன அடிச்சனீங்கள்?

சுகந்தன்: என்ன அடிச்சா என்ன, ஒண்டும் சரிவரேல்லையே.

யதுர்சிகா: சொல்லுங்கோ. சொன்னாத்தான் போன் எடுப்பன்.

சுகந்தன்: …நிதர்சன். சின்ன எழுத்தில.

யதுர்சிகா: ஆ.

சுகந்தன்: பிறகு முதலெழுத்துப் பெரிசா. பிறகு பின்னால ஒண்டு, ரெண்டு, மூண்டு போட்டு.

யதுர்சிகா: நாலாவது?

சுகந்தன்: கொழும்பு.

யதுர்சிகா: கொழும்போ! அஞ்சாவது?

சுகந்தன்: நிதர்சன்தான். சிலபேர் “ஹெச்” போட்டும் எழுதுறவை…

யதுர்சிகா: ஐயோ என்ர கடவுளே. ஒரு மனுசன் இருந்து ஒவ்வொரு எழுத்தாத் தேடித்தேடி…

சுகந்தன்: சிரிக்காத.

யதுர்சிகா: நான் சிரிக்கேல்ல. எனக்குப் பத்தி எரியுது. என்னைப் பற்றி உங்களுக்கு இதுதானோ நினைப்பு? அஞ்சு தரத்தில ஒரு தரமாவது உங்கட பேரைப் போட்டுப் பாக்கேல்லையோ?

சுகந்தன்: இல்லை.

யதுர்சிகா: ஏன்?

சுகந்தன்: அது வரேல்ல… யோசனையில வரேல்ல.

யதுர்சிகா: நல்லாயிருக்கு. அந்தாளின்ர பேர் நாலு விதமா வருது. தன்ர பேர் வரேல்லையாம்.

சுகந்தன்: நீ லேசாச் சொல்லுவாய். அஞ்சு நாள் நீ இல்லை. போன் எடுத்தா “வகுப்பில நிக்கிறன்.” பின்னேரம் எடுத்தா “எல்லாரும் கடற்கரைக்கு வெளிக்கிடினம்.” மன்னாரில இருக்கிறவைக்குக் கடல் பாக்கக் கொழும்பு வேணுமோ?

யதுர்சிகா: பதினெட்டுப் பேர் போனம். அதில பன்னிரண்டு பொம்பிளையள்.

சுகந்தன்: நான் எண்ணிக்கை கேக்கேல்ல யது. முகாமில கியூவில நிண்ட உன்னட்டப் பேர் கேட்டுப் பதிஞ்சவன் நான். உன்ர பிறந்த திகதி, உன்ர குடும்ப அட்டை நம்பர், எந்தெந்த ஊரில எத்தனை நாள் இருந்தனீ… கலியாணம் பேச முதலே எல்லாம் எனக்குத் தெரியும். உன்னைப் பற்றித் தெரியாதது ஒண்டுமே இருக்கேல்ல. இப்ப ஒண்டு இருக்கு. எட்டெழுத்து. அது என்ன எண்டு எனக்குத் தெரியாது. அவன்தான் அப்பிடி வைக்கச் சொன்னவன். நான் செய்த புரோகிராமையும் எடுத்தான். என்ர கதிரையில உன்னை இருத்தினான். என்னைக் கொண்டுபோய்ச் சரிபாக்க விட்டிருக்கிறான். எல்லாத்தையும் சரி எண்டு விட்டன். அந்த எட்டெழுத்துத்தான்…

யதுர்சிகா: கதிரை யாகப்பர் சேர் தந்தது. நிதர்சனில்லை. பயிற்சிக்குப் போகேலாதெண்டு சொன்னதும் நீங்கள்தானே. “எனக்கென்ன படிப்பிக்கப் போறாங்கள்” எண்டு.

சுகந்தன்: சொன்னனான்தான். உன்னை அனுப்புவினம் எண்டு தெரிஞ்சா சொல்லியிருப்பனோ?

யதுர்சிகா: ஓ. அப்ப அதுதான் உங்களுக்கு நோவு.

சுகந்தன்: எல்லாம் சேத்துத்தான்.

யதுர்சிகா: சரி. பதினொண்டு இருபது. இந்தாங்கோ போன். நீங்களே சொல்லுங்கோ.

சுகந்தன்: நானோ? அவனிட்டயோ?

யதுர்சிகா: பின்ன? பூட்டினவர்தான் சொல்லவேணும். நான் சொன்னா, வேணுமெண்டு உங்களைக் காட்டிக் குடுத்தமாதிரி இருக்கும்.

சுகந்தன்: செருப்பால அடிச்சாலும் தாங்கலாம்… ஹலோ.

நிதர்சன்: சொல்லுங்க அண்ணன். வெள்ளிக்கிழமை பின்னேரம், அஞ்சு நாப்பது, ரெண்டாம் மெஷின். யதுர்சிகாவோட கணக்கு.

சுகந்தன்: அது நான். சுகந்தன். எழுதுங்கோ.

நிதர்சன்: என்ன காரணம்னு போடட்டும்?

சுகந்தன்: என்னென்ன இருக்கு அதில?

நிதர்சன்: பாஸ்வேட் மறதி… பயிற்சிக் குறைவு… வேறு.

சுகந்தன்: பயிற்சிக் குறைவு இல்லை.

நிதர்சன்: இல்ல இல்ல, நான் அப்படிச் சொல்லல.

சுகந்தன்: வேறு எண்டு போடுங்கோ.

நிதர்சன்: வேறு… சரி. யதுர்சிகா, இப்ப பாருங்க.

யதுர்சிகா: திறந்திட்டுது! பட்டியல் வருது… இருநூற்றிப் பதினாலு. எல்லாரும் இருக்கினம். நான் அனுப்பிட்டன். இனி சரிபாக்கிறவரின்ர பேர்தான் வேணும்.

நிதர்சன்: அப்ப அண்ணன்ட கணக்கு. அது யாரு?

யதுர்சிகா: அது அவரே பிழையா அடிச்சிருப்பார். வெள்ளிக்கிழமை தலையிடியோட இருந்தவரெல்லே. அப்பிடியே எழுதிவிடுங்கோ.

சுகந்தன்: ஓம், நான்தான் அடிச்சிருப்பன் போல. அண்டைக்கு எனக்குக் கையும் ஓடேல்ல, காலும் ஓடேல்ல.

நிதர்சன்: வெள்ளிக்கிழமை இல்லையே. சனிக்கிழமை காலைல, பத்தேகால். மூணாம் மெஷின்.

சுகந்தன்: சனிக்கிழமையோ? சனிக்கிழமை நான் இஞ்ச வரவேயில்லை. கீரிக் கடற்கரையில மீனுக்கு நிண்டனான். மூண்டாம் மெஷின்… அது சிவதர்சினியின்ரயெல்லே.

நிதர்சன்: சிவதர்சினி… பதிவு செய்றவங்க. ஆமா, அவங்கட மெஷின்தான். அப்ப அவங்க பேரைப் போடுறேன்.

சுகந்தன்: பொறுங்கோ, பொறுங்கோ! போட்டா அவளுக்கு என்ன வரும்?

நிதர்சன்: பதியிறவங்க சரிபாக்கிறவரோட கணக்கைத் தொட்டா கஷ்டம்தான். நிரந்தரமும் இல்லைல்ல அவங்க? வேலையில இருந்து எடுத்திடுவாங்க.

சுகந்தன்: அந்தப் பிள்ளை அப்பிடிச் செய்யாது. எனக்குத் தெரியும். தகப்பனில்லை, ரெண்டு சின்னத் தங்கச்சிமார், அவளின்ர இந்த வேலைதான் அந்த வீட்டில எரியிற அடுப்பு…

யதுர்சிகா: எவ்வளவு விபரம்.

சுகந்தன்: யது, இது விளையாட்டில்லை.

யதுர்சிகா: நான் விளையாடேல்ல. உங்கட பொஞ்சாதியின்ர கணக்கை நீங்கள் பூட்டினதுக்கு உங்களுக்கு இவ்வளவு பதறேல்லையே எண்டு பாத்தன்.

சுகந்தன்: உன்ர வேலை போகாது. அவளின்ர போகும்.

நிதர்சன்: அண்ணன், எனக்கு நேரம் போகுது. மெஷின் அவங்கட. வேற பேர் சொன்னா எழுதுறேன். இல்லாட்டி அதுதான்.

சுகந்தன்: அப்ப என்ர பேரையே போடுங்கோ.

நிதர்சன்: நீங்க கீரியில நின்னதா இப்பதான் சொன்னீங்க. என்னைப் பொய் எழுதச் சொல்றீங்களா?

சுகந்தன்: யது, நீயாவது சொல்லன். அவள் சனிக்கிழமை இஞ்சால வாறதே இல்லை. பள்ளிமுனையில அந்தச் சின்னனுகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறவள். உனக்கும் தெரியுமெல்லே?

யதுர்சிகா: எனக்கு அவளைப் பற்றி உங்களளவுக்குத் தெரியாது.

சுகந்தன்: மனச்சாட்சி இல்லையோ உனக்கு?

நிதர்சன்: பதினொண்டு ஐம்பது. நான் எழுதுறேன்… சி… வ…

யதுர்சிகா: எழுதாதேங்கோ.

நிதர்சன்: என்ன?

யதுர்சிகா: சிவதர்சினி எண்டு எழுதாதேங்கோ. யதுர்சிகா எண்டு எழுதுங்கோ.

நிதர்சன்: சரி. காரணம்?

யதுர்சிகா: அவருக்கு என்ன போட்டனீங்கள்?

நிதர்சன்: வேறு.

யதுர்சிகா: எனக்கும் அதையே போடுங்கோ.

நிதர்சன்: திறந்தாச்சு. அண்ணன், போய் சரிபாத்து விடுங்க. நான்… நான் வைக்கிறேன். குட் லக்.

சுகந்தன்: வைச்சிட்டான்.

யதுர்சிகா: முதல் பட்டியலைப் பாருங்கோ.

சுகந்தன்: சனிக்கிழமை நீ தலை முழுகிப்போட்டு வீட்டில படுத்திருந்தன் எண்டனீ.

யதுர்சிகா: நீங்கள் மீனுக்கு வெளிக்கிட்ட உடன கந்தோர்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தனான். பட்டியலைப் பாருங்கோ எண்டுறன்.

சுகந்தன்: பாக்கிறன்… பாத்துக்கொண்டுதான் கேக்கிறன். உன்ர மெஷின் இருக்கத்தக்கதா ஏன் அவளின்ர மேசையில இருந்தனீ?

யதுர்சிகா: அந்தக் கதிரையில இருந்து பாத்தா நீங்கள் எப்பிடித் தெரியிறியள் எண்டு பாக்க.

சுகந்தன்: …எப்பிடித் தெரிஞ்சன்?

யதுர்சிகா: நீங்கள் கீரியிலயெல்லே. வெறும் கதிரைதான் தெரிஞ்சது. அதுவே வடிவாத் தெரிஞ்சது. எனக்கு ஆத்திரம் வந்திட்டுது.

சுகந்தன்: அவள் சின்னப் பிள்ளையடி.

யதுர்சிகா: உங்களிட்டப் பேர் பதியக் கியூவில நிக்கேக்க எனக்கும் அவளின்ர வயசுதான்.

சுகந்தன்: இருநூற்றிப் பத்து, பதினொண்டு… பதினாலு. சரி. என்ர பேரையும் விழுத்திட்டன். பிரிண்டரைப் போடு.

யதுர்சிகா: போட்டாச்சு. வருது. முதல் தாள் வந்திட்டுது. அடியில ரெண்டு பேரின்ர பேரும் இருக்கு.

சுகந்தன்: சேரின்ர வாகனச் சத்தம் போலக் கிடக்கு.

யதுர்சிகா: இல்லை, அது ஐஸ் லொறி. இன்னும் நேரமிருக்கு.

சுகந்தன்: யது.

யதுர்சிகா: ம்.

சுகந்தன்: என்னட்ட ஒவ்வொண்டாக் கேட்டு வாங்கினனீயெல்லே. நீ என்ன அடிச்சனீ? அஞ்சும் அவளின்ர பேரோ?

யதுர்சிகா: அஞ்சும் இல்லை. நாலு. நாலு விதமா அவளின்ர பேரை அடிச்சன். ஒவ்வொரு தரமும் பிழை, பிழை எண்டு வர, எனக்கு வயித்தில பால் வாத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோசத்தில அஞ்சாவதா என்ர பேரை அடிச்சன்… அதோடதான் பூட்டினது.